நாவல் மரத்தில் ஒரு சாகும்வரை உண்ணாவிரதம்

தியாகம் செய்ய விரும்புகிறவனுக்கு முதலில் ஓர் எதிரி வேண்டும். இதை எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை. பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இருபத்திரண்டு வயதில் என்னிடம் மற்ற எல்லாம் தயாராக இருந்தன. கதர் வேஷ்டி இருந்தது, கதர் ஜிப்பா இருந்தது, கண்ணாடி முன் நின்று பழகிய சோகமான பார்வை இருந்தது, எந்தச் சபையிலும் எடுத்துவிடக்கூடிய ஒரு பிரசங்கமும் இருந்தது. எதிரி ஒருவன்தான் அகப்படவில்லை.

மைசூர் ராஜ்ஜியத்தில் பிறந்தவனுக்கு இது பெரிய கஷ்டம். பக்கத்து மெட்ராஸ் ராஜதானியில் என் வயதுக்காரர்களுக்கு வெள்ளைக்காரன் நேராகவே கிடைத்தான். தடியடி கிடைத்தது, ஜெயில் கிடைத்தது, வெளியே வந்தால் மாலை கிடைத்தது. எங்களுக்கு மகாராஜா. அவரை எதிர்க்கலாம் என்று தீர்மானித்து உட்கார்ந்தால், குழாயில் தண்ணீர் வரும், தெருவில் மின்சார விளக்கு எரியும். தசராவில் யானைமேல் போகும்போது கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்புவார். (என்னைப் பார்த்துத்தான் கூப்பினார் என்று எனக்கு ஓர் எண்ணம். அப்படியே எண்ணியவர்கள் ஊரில் பாதிப் பேர்.) அவரை எதிர்த்து எந்த முகத்தோடு கோஷம் போடுவது?

அப்போது எனக்குக் கல்யாணமாகி, மேலுகோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வேதா குடித்தனத்துக்கு வந்த புதிது. தேவராஜ மார்க்கெட்டுக்குப் பின்னால் சற்றுத் தள்ளி ஒரு தெருவில் சின்ன வாடகை வீடு. நான் ஒரு தனியார் பள்ளியில் உபாத்தியாயர். வேதாவுக்குச் சிரிப்பு வந்தால் அதைப் பாதியில் நிறுத்தத் தெரியாது. கழுதை ஒன்று சலவைத் துணியோடு ஓடினால் சிரிப்பாள். ஜட்கா வண்டிக்காரன் குதிரையைத் திட்டினால் சிரிப்பாள். நான் பிரசங்கம் பழகும்போது கதவுக்குப் பின்னால் நின்று சிரிப்பாள். நாடு இருக்கிற நிலையில் சிரிப்பு ஒரு கேடா என்று நான் கோபித்துக்கொண்டேன்.

"நாடு சிரிக்கப்படாதுன்னு சொல்லித்தா?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆகவே உத்தரவு போட்டேன். வீட்டுக்குள் எப்படியோ போகட்டும், ஒரு தேசபக்தனின் மனைவி நாலு பேர் பார்க்கத் தெருவில் பல்லைக் காட்டிச் சிரிக்கக்கூடாது. அன்றுமுதல் வெளியே சிரிப்பு வந்தால் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அதை நான் என் அரசியல் வாழ்க்கையின் முதல் வெற்றியாகக் கருதினேன். இப்போது நினைத்தால் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

எங்கள் வீட்டு வாசலுக்கு நேராகத் தெருவோரத்தில் ஒரு பெரிய நாவல் மரம். ஆனி மாதம் வந்தால் கருகருவென்று காய்த்துக் கொட்டும். காலையில் தெருப் பெண்கள் எல்லோரும் ஆளுக்கொரு பாத்திரத்தோடு அங்கே கூடுவார்கள். பூக்காரி புட்டம்மா கூடையை இறக்கி வைத்து அந்த நிழலில்தான் பூத் தொடுப்பாள். ஜட்காக்காரர்கள் குதிரையை அவிழ்த்து நிறுத்துவதும் அங்கேதான். ஊருக்குப் புதியவளான வேதாவுக்குத் தெரிந்த மனிதர்கள் எல்லோரும் அந்த மரத்தடியில் கிடைத்தவர்கள். நான் அந்த மரத்தை அதுவரை ஒழுங்காக நிமிர்ந்து பார்த்ததில்லை. என் பார்வை எப்போதும் நாட்டின் எதிர்காலத்தின் மேல் இருந்தது.

அந்த மரத்துக்குத்தான் ஆபத்து வந்தது. எங்கள் பேட்டையில் தெருக்களை அழகுபடுத்தவென்று ஒரு கமிட்டி இருந்தது. அதற்குச் சேர்மன் திருமலாச்சார். என் தகப்பனாருக்குத் தெரிந்தவர். பட்டையாகத் திருமண், கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, ஜரிகை அங்கவஸ்திரம். அவர் நடந்துபோனால் கோட்டு ஒரு பக்கம் போகும், அவர் ஒரு பக்கம் போவார், அவ்வளவு விறைப்பு. ஒருநாள் ஏதோ கல்யாணத்துக்குப் போகிற வழியில் அந்தக் கோட்டின் தோளில் ஒரு நாவல்பழம் விழுந்தது. வண்ணான் என்னென்னவோ செய்து பார்த்தும் கறை போகவில்லை. அடுத்த வாரமே, இந்த மரம் பொதுஜனங்களுக்கு உபத்திரவம், இதை வெட்டிவிட்டு அந்த இடத்தில் விளக்குக் கம்பம் நடவேண்டும் என்று கமிட்டிக்கு யோசனை வந்துவிட்டது. கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறினால் மறுநாள் கோடாலி.

செய்தியைச் சொன்னவள் வேதாதான். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

"அது போயிடுத்துன்னா கார்த்தாலே நான் யாரோட பேசறது? நீங்க பள்ளிக்கூடம் போயிடறேள். சாயங்காலம் வந்தா நாட்டோட பேசறேள்."

அவள் துக்கம் என் காதில் விழவேயில்லை. எனக்கு உள்ளே எக்காளம் ஊதியது. எதிரி கிடைத்துவிட்டான்! அதுவும் ஜரிகை அங்கவஸ்திரத்தோடு! மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பதென்று அந்தக் கணமே முடிவு செய்தேன்.

கமிட்டி கூடும் நாளைப் பார்த்தால் ஏகாதசி. பெருமாளே எனக்காகப் பஞ்சாங்கத்தைத் திருத்தியிருக்கிறார் என்று பூரித்துப்போனேன். எங்கள் வீடுகளில் ஏகாதசியன்று அடுப்பே மூட்டமாட்டோம், எப்படியும் உபவாசம்தான். சும்மா இருக்கப்போகிற பட்டினியை நாட்டுக்காக இருந்துவிட்டுப் போகலாமே. கீழே எந்த வீட்டிலிருந்தும் சாத்தமுது கொதிக்கும் வாசனை எழும்பி வந்து என் மன உறுதியைக் குலைக்கவும் போவதில்லை. (ஒரு தியாகி இவ்வளவு கணக்குப் பார்க்கலாமா என்று கேட்காதீர்கள். அப்போது யாரும் கேட்கவில்லை.)

விடிந்ததும் குளித்து, திருமண் இட்டு, புதுக் கதர் உடுத்தி, மரத்தில் ஏறினேன். ஏறினேன் என்று சொல்வது கொஞ்சம் அதிகம். ஒரு ஜட்காவின் கூரைமேல் நின்று, கிளையைக் கட்டிப்பிடித்து, வண்டிக்காரன் கீழிருந்து தள்ள, எப்படியோ மேலே போய்ச் சேர்ந்தேன். வேதா வாசலில் நின்றாள். அவள் முகத்தில் இருந்தது பெருமை என்று எடுத்துக்கொண்டேன். தலைப்பு வாயை மூடியிருந்ததால் நிச்சயமாகச் சொல்வதற்கில்லை.

கூட்டம் சேர ஆரம்பித்தது. நான் கிளையில் நின்றபடி அறிவித்தேன்: "இந்த மரத்தை வெட்டமாட்டோம் என்று கமிட்டி எழுதிக் கொடுக்கும்வரை ஒரு பருக்கை சோறோ, ஒரு சொட்டுத் தீர்த்தமோ என் நாவில் படாது!"

கீழேயிருந்து புட்டம்மா கன்னடத்தில் கேட்டாள்: "யாக்கெ சுவாமி, இளியக்கே பயானா?" இறங்கப் பயமா என்கிறாள்!

நான் பிரசங்கத்தைத் தொடங்கினேன். கொடுங்கோன்மை, அடிமைத்தளை, பொதுஜன உரிமை என்று கையை வீசிப் பேசினேன். ஒவ்வொரு வீச்சுக்கும் கிளை ஆடியது. ஆடும்போதெல்லாம் பொலபொலவென்று பழம் உதிர்ந்தது. கீழே இருந்தவர்கள் ஆவலாக நெருங்கி வந்தார்கள். என் பேச்சு அவர்களைக் கட்டி இழுக்கிறது என்று நினைத்தேன். எதிர்வீட்டு மாமி நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "சம்பத்து, அந்த வலப்பக்கத்துக் கொம்பைப் பிடிச்சுண்டு இன்னும் கொஞ்சம் ஆவேசமாப் பேசேன். அங்கேதான் நல்ல பழமா இருக்கு."

தியாகிகளின் சரித்திரத்தில் பழம் உலுக்க உபயோகப்பட்டவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

வெயில் ஏறியது. தொண்டை வறண்டது. மற்ற ஏகாதசிகளில் நான் உபவாசம் இருந்தது படுத்துக்கொண்டு. மரத்தில் நின்று கத்திக்கொண்டு அல்ல. மூக்குக்கு நேராக ஒரு கொத்து தொங்கிக்கொண்டிருந்தது. கனிந்து, பளபளத்து, காற்றில் ஆடி என் உதட்டையே வந்து தொட்டது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பினேன். அந்தப் பக்கம் அதைவிடப் பெரிய கொத்து.

அப்போதுதான் என் புத்தி வேலை செய்தது. ஏகாதசியில் பழம் சாப்பிடலாம் அல்லவா? பழம் உபவாசத்தைக் கெடுக்காது. என் தகப்பனார் சாப்பிடுவார், ஊரே சாப்பிடும். சோறு தொடமாட்டேன் என்றேன், தொடவில்லை. தீர்த்தம் தொடமாட்டேன் என்றேன், அதையும் தொடவில்லை. பழத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லையே! மனசாட்சி நிம்மதியடைந்தது. இலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு ஒன்று போட்டுக்கொண்டேன். அப்படி ஒரு ருசியை அதற்குமுன் நான் கண்டதில்லை. எத்தனை தின்றேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. என் கைக்கு எட்டிய கொம்புகள் மொட்டையாகிவிட்டன என்பது மட்டும் தெரியும். கொட்டைகளை ஜிப்பாப் பைக்குள் போட்டுக்கொண்டேன், சாட்சி கீழே விழக்கூடாதென்று.

உச்சிப் பொழுது நெருங்கும்போது கோயிலிலிருந்து திரும்பிய சேர்மனின் ஜட்கா வந்து நின்றது. அவருக்கும் ஏகாதசி. பட்டினியில் கன்னம் ஒட்டி, கோபத்தில் காது சிவந்து இறங்கினார்.

"டேய் சம்பத்து! எறங்கு கீழே. விழுந்து வெச்சா உங்கப்பாவுக்கு நான்னா பதில் சொல்லணும்?"

"சேர்மன் அவர்களே! உயிர் போனாலும் இறங்கமாட்டேன் மாமா!" என்றேன். ('மாமா' தானாக வந்துவிட்டது.)

"என்னமோ சாப்பிடமாட்டேங்கறியாமே?"

"விடிந்ததிலிருந்து என் நாவில் எதுவும் படவில்லை!"

ஆவேசத்தில் 'எதுவும்' என்று சொல்லிவிட்டேன். பிரசங்கம் செய்கிறவர்களுக்கு இந்தக் கெடுதல் உண்டு. சொல் ஓடும் வேகத்துக்கு நிஜம் ஓடமுடியாது.

சேர்மன் நெற்றிக்கு மேல் கையை வைத்து என்னை உற்றுப் பார்த்தார். "பாவம், நாக்கு வறண்டு போயிருக்குமே. எங்கே, நீட்டு பார்ப்போம்."

மரத்தின் மேல் கண்ணாடி கிடையாது. நான் முழு நம்பிக்கையோடு, நாட்டுக்கே காட்டுகிறவன்போல, நாக்கை அடிவரை நீட்டினேன்.

உடனே புட்டம்மாவின் குரல் கணீரென்று கேட்டது: "அய்யய்யோ, நாலிகெயெல்லா நேரளெ ஹண்ணு!" நாக்கெல்லாம் நாவல்பழம் என்கிறாள்!

நாவல்பழம் தின்றவர்களுக்குத் தெரியும், அது நாக்கை என்ன பாடு படுத்தும் என்று. என் நாக்கு கருநீலம். உதடும் பல்லும் கருநீலம். அது மட்டுமா, பழத்தின் மேலேயே உட்கார்ந்து எழுந்ததில் புதுக் கதரின் பின்புறம் முழுவதும் கருநீலம். மரத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும்தான் அது தெரியவில்லை. கீழே இருந்தவர்கள் வெகுநேரமாக ரசித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

முதலில் சிரித்தவள் வேதா. தலைப்பையெல்லாம் விட்டுவிட்டு, வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு, நாலு பேரல்ல, நாற்பது பேர் பார்க்கச் சிரித்தாள். அதோடு தெருவே வெடித்தது. ஜட்காக்காரர்கள் சக்கரத்தில் சாய்ந்து சிரித்தார்கள். நாக்கை உள்ளே இழுத்த அவசரத்தில் எனக்குக் கால் வழுக்கியது. அடிமரத்தைக் கட்டிக்கொண்டு சறுக்கி, பாதி வேஷ்டியை ஒரு கிளைக் கணுவில் விட்டுவிட்டு, மீதியோடு சேர்மன் காலடியில் வந்து சேர்ந்தேன். ஜிப்பாப் பையிலிருந்து கொட்டைகள் தெருவில் உருண்டன.

பூமி பிளந்து என்னை விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது. ஆனாலும் வாய் விடவில்லை. "ஏகாதசி உபவாசத்தில் பழம் சாப்பிடலாம் மாமா!" என்றேன்.

"ஏகாதசிக்குச் சாப்பிடலாம்டா. நீ இருக்கறது ஏகாதசியா, சத்தியாக்கிரகமா?"

"ரெண்டும்."

"அப்போ எது கெட்டுது, எது நின்னுது?"

நடுத்தெருவில் என்னை நிறுத்தி வைத்து, சாஸ்திரப்படி இதைத் தீர்க்காமல் விடுவதில்லை என்று பிடித்துக்கொண்டார். கூட்டமும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்து வாதாடியது. இந்தச் சமயத்தில் வேதா உள்ளே போய்விட்டு வந்தாள். கையில் ஒரு தட்டு. அதில் வாழையிலை போட்டு, கழுவிய நாவல்பழம் குவித்திருந்தது. சிரித்த கண்ணீர் இன்னும் கன்னத்தில் காயவில்லை.

"மாமா, எங்காத்து வாசல்வரை வந்துட்டு வெறும் வாயோட போகப்படாது. இன்னிக்கு வேற எதுவும் தரதுக்கில்லை. பழம் ஆகும்தானே?"

சேர்மன் தட்டைப் பார்த்தார். வெயிலையும் பார்த்தார். முந்தின நாள் ராத்திரியிலிருந்து பட்டினியாக இருக்கிற மனிதர், தன் வாயாலேயே பழம் சாப்பிடலாம் என்று தீர்ப்புச் சொல்லி முடித்தவர். மரியாதைக்கு ஒன்று எடுத்து வாயில் போட்டார். அப்புறம் இன்னொன்று. பிறகு ஜட்கா படியில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டார். "பரவாயில்லையே, தேனா இருக்கே" என்றார். தட்டு காலியாகும்வரை எழுந்திருக்கவில்லை. அந்த மரத்தைத் தலைநிமிர்ந்து முதல்முறையாகப் பார்த்தவர்கள் அன்று இரண்டு பேர்; ஒருவர் அவர், ஒருவன் நான்.

"கமிட்டிக்கு நேரமாச்சு. நீயும் ஏறுடா. உன் மரத்துக்கு வக்கீல் வேண்டாமா?" என்று என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். வேதா ஒரு பழைய வேஷ்டியைக் கொண்டுவந்து என்மேல் வீசினாள்.

கமிட்டி அறையில் நான் சுவரோரமாகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். சேர்மன் எழுந்து, கனைத்துக்கொண்டு, தீர்மானத்தை வாசித்தார். "இம்மரத்தின் பழமானது தொட்ட இடமெல்லாம் கறை படிய வைப்பதால்..." என்று அவர் வாயைத் திறந்ததுதான் தாமதம், முன்னால் இருந்த அங்கத்தினர் ஒருவர் மேஜைக்கடியில் எதையோ தேடுகிறவர்போல் குனிந்துகொண்டார். இன்னொருவருக்கு இருமல் வந்தது. சேர்மன் மறுபடியும் "கறை" என்றார். வாய்க்குள் கருநீலம் பளிச்சென்று தெரிந்தது. வயதான வக்கீல் ஒருவர் எழுந்து, மிக மரியாதையாக, "சேர்மன் அவர்களின் நாக்கையும் சேதத்தில் சேர்த்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார்.

சேர்மன் நிறுத்தினார். சன்னல் கண்ணாடியில் போய் நாக்கை நீட்டிப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் என் நாக்கை நீட்டினேன். அந்த விறைத்த கோட்டுக்குள்ளிருந்து இப்படி ஒரு சிரிப்பு வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அதற்குமேல் கூட்டம் நடக்கவில்லை. தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைத்தது வைத்ததுதான், மரம் இன்றும் நிற்கிறது, விளக்குக் கம்பம் சற்றுத் தள்ளி நிற்கிறது. என் பிரசங்கத்தால் ஆகாத காரியம் இரண்டு நாக்குகளால் ஆயிற்று.

வேதா இதையெல்லாம் யோசித்துத்தான் தட்டைக் கொண்டுவந்தாளா? எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "பசியோட ஒருத்தர் வாசல்லே நின்னார், குடுத்தேன்" என்பதற்கு மேல் அவள் சொன்னதில்லை. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அந்தச் சோகமான பார்வை அன்றோடு என்னைவிட்டுப் போய்விட்டது. கண்ணாடி முன் நின்றால் கருநீல நாக்குதான் ஞாபகம் வரும். அப்புறம் எங்கே சோகப்படுவது? பின்னால் நானும் எத்தனையோ கூட்டங்களுக்குப் போனேன், கமிட்டிகளில் உட்கார்ந்தேன், சிலவற்றில் பிரயோஜனமாகவும் இருந்தேன். உயிரைக் கொடுத்துக் காப்பாற்ற வேண்டியவை உலகத்தில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சிரிக்கத் தெரியாதவனிடம் ஒரு மரத்தைக்கூட நம்பி ஒப்படைக்கக்கூடாது என்பது என் அபிப்பிராயம். மரத்துக்கு நிழல் கொடுக்கத் தெரியும், பழம் கொடுக்கத் தெரியும், பிரசங்கம் கேட்கத் தெரியாது. அதற்காக அதற்கு நான் நன்றி சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் யாரிடமும் பொய் சொல்ல முடியாது. குழந்தைகள் சத்தியம் செய்தால், "எங்கே, நாக்கை நீட்டு" என்பார்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம்கூட என் இரண்டாவது பெண் ஒருமுறை கேட்டுவிட்டாள். நான்தான் சமாதானம் சொல்லி அனுப்பினேன்.

திருமலாச்சார் அதற்கப்புறம் ஒவ்வொரு ஆனி மாத ஏகாதசிக்கும் கோயிலிலிருந்து நேரே எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார். கறை பட்ட அந்தப் பழைய கோட்டைத்தான் அன்றைக்கு மட்டும் போட்டுக்கொள்வார். மரத்தடியில் நின்று இருவரும் தின்போம். தின்று முடித்ததும், ஊருக்கே பெரிய மனிதரான அவரும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிற நானும், நடுத்தெருவில் எதிரெதிரே நின்று நாக்கை நீட்டிக் காட்டிக்கொள்வோம். எனக்கு அரசியலில் கிடைத்த ஒரே எதிரி அவர்தான். அவரைப்போல ஒரு சிநேகிதர் எனக்கு வேறு யாரும் கிடைக்கவில்லை.

ஒரு வருஷம் ஆனி வந்தது, அவர் வரவில்லை. சித்திரையிலேயே பெருமாளிடம் போய்விட்டார். ஏகாதசியன்று வழக்கப்படி நான் மரத்தடிக்குப் போய் நின்றேன். பழம் காலடியில் கொட்டிக் கிடந்தது. ஒன்றைக்கூட எடுக்கத் தோன்றவில்லை.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. வேதா. தலை நரைக்கத் தொடங்கியிருந்தது அப்போது. எதிர்வீட்டு வாசலில் ஆட்கள், ஜட்காவில் ஆட்கள், புட்டம்மாவின் இடத்தில் அவள் மருமகள் பூத் தொடுத்துக்கொண்டிருந்தாள். வேதா என் எதிரே வந்து நின்றாள். தலைப்பு இடுப்பில் செருகியிருந்தது. அத்தனை பேர் பார்க்க, கருநீல நாக்கை அடிவரை நீட்டிக் காட்டினாள்.